நோலீன் செய்த கார்வைப் பெட்டி

ஈயம் உருகும்போது நோலீன் மூச்சை அடக்கிக்கொள்கிறார். மூக்கின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கண்ணாடிகள். உடம்பில் கண்ணைப் பறிக்கும் மஞ்சள் மேல்சட்டை. துறைமுக ஊரான ஸ்டாக்டனில், பள்ளிக்கூடத்தின் முன்னால் ‘நில்’ பலகையைப் பிடித்து நின்று பிள்ளைகளைச் சாலை கடக்கவைப்பது அவர் வேலை. காலையில் ஒன்றரை மணி நேரம், பிற்பகலில் ஒன்றரை மணி நேரம். இடையில் வீட்டுக்கு வந்தாலும் சட்டையைக் கழற்றுவதில்லை. “கழட்டினா மறுபடி மாட்டணும். யாரு அந்த வெட்டி வேலை பாக்குறது?” ஈயச் சொட்டு இறுகிப் பளபளத்ததும்தான் மூச்சு வெளியே வருகிறது. “சமத்து, அப்படியே இரு கண்ணு,” என்று அந்தச் சொட்டிடம் சொல்கிறார்.

பட்டறை என்று தனியாக ஒன்றும் கிடையாது. சலவை இயந்திரத்தின் மூடிமேல் ரொட்டி வெட்டும் பலகை ஒன்று. மின்தடையங்களை மஃபின் கேக் சுடும் தட்டின் பன்னிரண்டு குழிகளில் பிரித்து வைத்திருக்கிறார். துறைமுகத்துக்குள் நிலக்கரிக் கப்பல் நுழைந்து சங்கு ஊதினால் ஈயம் பற்றவைக்கும் கோலை அதன் தாங்கியில் வைத்துவிட்டு, கப்பல் கடந்துபோகும்வரை தேநீர் குடிப்பார். முதல் தடவை சங்கு ஊதியபோது கை உதறி, ஈயம் மின்சுற்றுப் பலகையின் இரண்டு தடங்களுக்கு நடுவே ஒழுகிவிட்டது. அதிலிருந்து கப்பல்களோடு அவருக்குச் சமாதான உடன்படிக்கை.

அறுபத்தோரு வயதில் அவர் செய்ய எடுத்துக்கொண்டது ரிவெர்ப் பெடல். கிட்டாருக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவில் தரையில் கிடக்கும் சிறிய உலோகப் பெட்டி அது. காலால் மிதித்தால், வறண்ட கிட்டார் ஒலிக்குப் பெரிய கூடத்தில் வாசித்தாற்போன்ற கார்வை வந்துவிடும். நோலீனுக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. மின்சாரமும் தெரியாது. தெரிந்தது குரோஷே பின்னல். வலைத்தளத்தில் கிடைத்த வரைபடத்தை அச்செடுத்து, பின்னல் கணக்கு எழுதுவது மாதிரி ஒவ்வொரு இணைப்புக்கும் வண்ணப் பென்சிலால் எண் போட்டிருந்தார்.

பின்னல் பழக்கமே ஒரு இடத்தில் காலை வாரியது. பின்னலில் உள்பக்கம் வெளிப்பக்கம் பார்த்தே பழகிய கை, துளை போடும் அச்சுத் தாளைப் பெட்டியின் உள்பக்கத்தில் ஒட்டித் துளைத்துவிட்டது. திருப்பிப் பார்த்தால் இடது வலதாகிவிட்டது. இன்னொரு நாள் ஒரு கெபாசிட்டரைத் தலைகீழாக வைத்துப் பற்றவைத்ததில் அது ‘பட்’டென்று வெடித்து, வீடு முழுக்க அழுகிய மீன் நாற்றம்.

“வா டிகிரி, வந்து மோந்து பாரு,” என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார்.

டிகிரி என்பது நான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள், அதிலும் மின்னணுவியல். அதனால் எனக்குத் தெரியும் என்று நம்பினார். சமன்பாடுகளை எழுதிக்காட்டினேன். கோலைக் கையில் கொடுத்ததும் ஈயம் உருண்டையாகத் திரண்டு ஓடியது.

“நாலு வருஷம் என்னதான்டா சொல்லிக்கொடுத்தாங்க? ஒரு சொட்டு வைக்கத் தெரியல?”

“தேர்வுல அது கேக்கல நோலீன்.”

“உன் அப்பா கப்பல்ல ஏறி வயர் மாத்துறவரு. அவர்கிட்டயாவது கேட்டிருக்கலாம்ல?”

கேட்டதில்லை. அது ஏன் என்று இப்போதும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கிட்டார் இல்லாததால் பெட்டியைச் சோதிக்க வானொலியைச் செருகினார். அன்று சனிக்கிழமை, குதிரைப் பந்தய வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தாவது முயற்சியில் பெட்டி உயிர் பெற்றது. வர்ணனைக்காரர் குகைக்குள்ளிருந்து கத்தினார். ஒவ்வொரு குதிரையும் ஜெயித்த பிறகும் இன்னும் கொஞ்ச தூரம் ஓடியது. நோலீன் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. “அவனோட டப்பாவும் இப்படித்தான் கத்தும்,” என்றார்.

அவன் என்றது தம்பி க்ளென்னை. பத்தொன்பது வயதில் க்ளென் தானே ஒரு கார்வைப் பெட்டி செய்தவர். பிஸ்கட் தகர டப்பா, அதற்குள் கொசுவலைக் கதவின் சுருள்கம்பி, மேலே பச்சை வண்ணம். உதைத்தால் இடி இடிக்கும். ஒன்பது வருடங்களுக்கு முன்பு அவருடைய மணவாழ்க்கை முறிந்தபோது பெட்டி படுக்கையோடு அக்கா வீட்டுக்கு வந்தார். மூன்று மாதம் கூடத்தில் நடக்க வழியில்லை. ஒரு நாள் வாய்த்தகராறு முற்றியது. அது வேண்டாத சாமான்களை வாசல் புல்வெளியில் வைத்தால் நகராட்சி வண்டி எடுத்துப்போகும் வாரம். நோலீன் கோபத்தோடு ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கி வெளியே வைத்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் வைத்தார். வண்டி வரும்வரைகூட அது அங்கே இருக்கவில்லை. குவியல்களைக் கிளறிக்கொண்டு போகிற யாரோ மதியத்துக்குள் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

“என் பச்சை டப்பாவைப் பாத்தியா நோல்?” என்று க்ளென் கேட்டார்.

“லியான் வீட்டுலயே விட்டிருப்பே,” என்றார் நோலீன்.

லியான் க்ளென்னின் முன்னாள் மனைவி. தான் அதைப் பார்க்கவே இல்லை என்று அவர் சொன்னதை க்ளென் நம்பவில்லை. வீம்புக்கு வீசியிருக்கிறாள் என்று முடிவுகட்டினார். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. பேத்தி பிறந்தபிறகும் மாறவில்லை. அந்தக் குழந்தைக்கு வருடத்தில் இரண்டு பிறந்தநாள்: சனிக்கிழமை பாட்டிக்கு, ஞாயிற்றுக்கிழமை தாத்தாவுக்கு.

லியான் வாரத்தில் இரண்டு நாள் பேத்தியைப் பள்ளிக்கு அழைத்துவருகிறார். நோலீன் பலகையைத் தூக்கிப் பிடிப்பார். லியான் கடந்துபோகும்போது “நன்றி நோல்” என்பார். “வருஷக்கணக்கா நன்றி சொல்றா. எனக்கு,” என்று நோலீன் ஒருமுறை சொன்னார்.

பெட்டியை மூடுவதற்கு முன் வயர்களைச் சரிபார்க்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். பேட்டரி உட்காரும் இடத்துக்கு நேராக, அடிமூடியின் உள்பக்கத்தில் சிவப்பு நகப்பூச்சால் எழுதியிருந்தது: ‘டப்பாவை வெளியே போட்டது லியான் இல்லை. நான். நோல்.’

“வயர் சரியா இருக்கா?”

“இருக்கு.”

“பேட்டரி எவ்வளவு நாள் வரும்?”

“வாசிச்சு முடிச்சு கிட்டார் வயரைப் பெட்டியிலேர்ந்து பிடுங்கலைன்னா, ஒரு நாள்கூட வராது.”

“அவன் என்னைக்குப் பிடுங்கினான்? சீக்கிரமே தொறப்பான். நல்லது.” நான்கு திருகுகளையும் தானே இறுக்கினார்.

க்ளென் ஞாயிறு மதியங்களில் புல்தரையில் பந்துருட்டி ஆடுகிறவர்களின் பவுல்ஸ் கிளப்பில் கிட்டார் வாசிக்கிறார். பெட்டியைக் கொடுத்தபோது திருப்பித் திருப்பிப் பார்த்தார். “குமிழெல்லாம் மாறிக் கெடக்கு. கண்ணாடியில பாத்துச் செஞ்சியா?” என்றார். பிறகு மிதித்து ஒரு தந்தியைத் தட்டினார். இறைச்சித் தட்டைப் பரிசாக வைத்த குலுக்கலுக்குச் சீட்டு விற்றுக்கொண்டிருந்தவர்கூட நின்று பார்த்தார். க்ளென் அதே தந்தியை மறுபடி தட்டினார். “அடியே நோல்,” என்றார், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு க்ளென் வருவதற்கு முன்பே நோலீன் கிளப்புக்குப் போய், அங்கேயே வயரோடு கிடந்த பெட்டியில் பேட்டரியை மாற்றிவிட்டார். அதற்கடுத்த ஞாயிறும். “திருகைத் தொலைச்சிடுவான்” என்று எனக்குக் காரணம் சொன்னார். நான் கேட்கவே இல்லை. பதினொரு வாரம் இப்படி ஓடியது. மேல்சட்டையின் இடது பையில் திருப்புளி, வலது பையில் புதிய பேட்டரி. அவரைப் பார்த்து எனக்குக் கோபம் வரும். நானும்தான் மூடிக்குள் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறேன் என்பது பிறகு நினைவுக்கு வரும். பின்னொரு நாள் இதைப் பத்திரிகையில் எழுதப்போகிறேன் என்றபோது அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: “பேரை மாத்தாதே. மறுபடி வேற யார் தலையிலயாவது விழும்.”

பன்னிரண்டாவது வாரத்தின் வெள்ளிக்கிழமை, சாலையின் நடுவில் பேத்தி லியானின் கையை இழுத்துக் கேட்டது: “தாத்தா ஏன் என் கேக்கை வேற நாள்ல சாப்பிடுறாரு?”

“தாத்தாவுக்கு அன்னைக்கு வேலைடா தங்கம்,” என்றார் லியான். வழக்கம்போல நன்றி சொல்லிவிட்டுப் போனார். அவர்கள் நடைபாதை ஏறி, பள்ளி வாசலுக்குள் மறைந்த பிறகும் நோலீன் பலகையை இறக்கவில்லை. கார்கள் ஒலியெழுப்பின.

அந்த ஞாயிறு அவர் சீக்கிரம் போகவில்லை. எல்லோரையும்போல வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்றாவது பாடலின்போது கார்வை கரகரத்து, பிசிறி, அமுங்கியது.

“நோல்! உன் பெட்டி இழுத்துக்கிட்டுக் கெடக்கு. பேட்டரி வச்சிருக்கியா?” என்று க்ளென் கத்தினார். யாரோ, “இறைச்சித் தட்டுல ஒண்ணு கெடக்கான்னு பாரு!” என்றார்கள். சிரிப்பு.

நான் எழுந்தேன். அவர் பையிலிருக்கும் பேட்டரியை வாங்கி நானே மாற்றிவிடலாம் என்றுதான் எழுந்தேனா, இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

நோலீனின் வலது கை பக்கவாட்டில் நீண்டு, உள்ளங்கை விரிந்து, என் நெஞ்சுக்கு முன்னால் நின்றது. பள்ளிக்கூடத்தின் முன்னால் கார்களை நிறுத்துகிற அதே கை. இடது கை திருப்புளியைத் தம்பியிடம் நீட்டியது.

“நீயே தொற,” என்றார்.

க்ளென் பெட்டியை மடியில் கவிழ்த்து வைத்தார். முதல் திருகைக் கழற்றி பீர்க் கோப்பைக்கு அடியிலிருந்த அட்டைமேல் வைத்தார். இரண்டாவது. மூன்றாவது. நோலீன் என் முன்னால் நீட்டிய கையை இறக்கவில்லை.