ஃப்ரீசரில் வைத்த பியர்

பியர் ஃபேக்டரியில் ருசி பார்த்து மார்க் போடுவதும் என் வேலையில் ஒரு பகுதி. அமெரிக்காவிலிருந்து திரும்பிய மச்சான், என் மனைவியின் தம்பி, ஆடுகோடியில் இருக்கும் தன் வீட்டில் தானே காய்ச்சிய பியரை ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் எடுத்து வந்தான். ‘ரெட் ஏல்’ என்ற சிவப்பு பியராம். கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் பூவைத் தாராளமாகப் போட்டிருந்தானாம்.

“ரொம்ப சில்லுனு வேணாம் மாமா,” என்றான்.

எனக்கே பாடமா என்று ஃப்ரீசரில் வைத்தேன். ஃபேக்டரியில் எல்லாவற்றையும் பல் கூசும் குளிரில்தான் குடித்துப் பார்ப்போம். ஒரு வாய் குடித்தேன்.

“கலங்கல். வெறும் கசப்பு. வாசனையே இல்ல. எங்க ஃபேக்டரியா இருந்தா சாக்கடையில ஊத்தியிருப்போம்,” என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டே மீதி பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

சாயங்காலம், ஜன்னலோரம் மறந்துபோயிருந்த என் கிளாஸைக் கழுவ எடுத்தேன். குளிர் விட்டுப்போன பியரிலிருந்து ஆரஞ்சுத் தோல் வாசனை எழுந்தது. குடித்தேன். முதலில் கருகின சர்க்கரையின் இனிப்பு, பிறகுதான் கசப்பு, அதுவும் அளவாக. அப்படி ஒரு பியரை நாங்கள் செய்ததே இல்லை.

போன் பக்கத்திலேயே இருந்தது. அவனைக் கூப்பிட்டுச் சொல்ல நான் அதை எடுக்கவில்லை.

அவன் அப்புறம் காய்ச்சவே இல்லை. இன்றும் வீட்டுக்கு வந்தால் எங்கள் ஃபேக்டரி பியரைத்தான் வாங்கி வருகிறான், எனக்காக ஐஸில் வைத்து.