பெயருக்குள் இருந்த கடல்

என் வாய்க்கு ஒரு பூட்டுப் போட வேண்டும் என்று அம்மா எப்போதும் சொல்லுவா. கேட்டேனா?

மகளுக்கு அப்போது இரண்டு வயது. வெளிறிப்போய்ச் சோர்ந்து கிடந்தாள். மன்னார் ஆஸ்பத்திரியில் டொக்டர், பிள்ளைக்குத் தலசீமியா, பரம்பரையாய் வரும் இரத்த வருத்தம், இனி மாதாமாதம் இரத்தம் ஏற்ற வேண்டும் என்றார். அது என்ன பெயர் என்று கேட்டேன். பழைய கிரேக்கச் சொல்லாம். தலசா என்றால் கடல், ஹைமா என்றால் இரத்தம். கிரேக்கப் பக்கத்துக் கடற்கரைச் சனங்களிடம் கண்டதால் வந்த பெயர்.

மிச்சத்தை யார் கேட்டது?

"பாத்தீங்களே! உங்கட பக்கத்தாலதான் வந்திருக்கு. அடம்பனில எங்கட வயலுக்குள்ள எங்கயப்பா கடல்?" வார்டே திரும்பிப் பார்க்க, பக்கத்தில் நின்ற என் மனிசனைப் பார்த்துக் கத்தினேன். விடத்தல்தீவில் பிறந்து கடலே கதி என்று வளர்ந்தவர். மகளின் தலையில் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டார். டொக்டர் எங்கள் இருவரிடமும் இரத்தம் எடுத்து அனுப்பினார்.

முந்தியெல்லாம் வள்ளத்தால் இறங்கிய ஈரத்தோடேயே மகளைத் தூக்குவார். இப்போது கிணற்றடியில் இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் குளித்தும் அவளை விட்டு எட்டவே இருந்தார்.

"அப்பா, தூக்குங்கோ."

"உடம்பெல்லாம் உப்பு, குஞ்சு. பிறகு."

அந்தப் பிறகு வரவே இல்லை. அவளும் கேட்பதை விட்டுவிட்டாள். ஒரு நாள் நானே அவரிடம் போய்ச் சொன்னேன்.

"அது வெறும் பேரப்பா."

"நீர்தானே சொன்னீர்."

சோதனை முடிவு எடுக்க மகளோடு தனியத்தான் போனேன். அவர் கடலில். டொக்டர் தாளைப் பார்த்தார். "ஒரு பக்கத்தால மட்டும் இது வராது அம்மா. அவரிட்ட இருந்து பாதி, உங்களிட்ட இருந்து பாதி. ரெண்டும் சேர்ந்துதான் பிள்ளைக்கு. அண்டைக்கே சொல்ல வந்தனான், நீங்கள் எங்க விட்டீங்கள்?"

பஸ்ஸால் இறங்கி நேரே துறைக்குப் போனேன். அவர் முழங்கால் தண்ணீரில் வள்ளத்தைப் பிடித்தபடி நின்றார். மகளைத் தூக்கிக்கொண்டு செருப்போடேயே இறங்கினேன்.

"எட்ட நில்லும்! உப்பு!"

"இஞ்சேருங்கோ, பாதிக் கடல் என்னிலயும் இருக்காம். நான் சொன்னது பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. பிடியுங்கோ பிள்ளையை."

வாங்கிக்கொண்டார். மகள் அவர் கழுத்தில் முகத்தைப் புதைத்தாள். நாக்கை நீட்டி நக்கிப் பார்த்து, "அப்பா உப்பு" என்று சிரித்தாள். அவர் அழுதார். நானும்தான்.

அன்று மீன் கூடையை நான்தான் வீட்டுக்குத் தூக்கி வந்தேன். அவருடைய இரண்டு கையிலும் மகள்.