கோமதி மாமியின் கையில் ஒரு மின்பொறி

போன திங்கட்கிழமை வேதியியல் ஆய்வுக்கூடத்தில் மாணவர்களோடு நின்றிருந்தபோது அலுவலகத்திலிருந்து அட்டெண்டர் ஓடி வந்தார். "சார், ஃபிசிக்ஸ் சுந்தரேசன் சார் தவறிட்டாராம். வூட்லேர்ந்து போன் வந்துகீது." அதற்குப் பிறகு மயிலாப்பூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தது மட்டும்தான் நினைவிருக்கிறது.

நம் கல்லூரியில் அவரை அறிந்த எல்லோருக்கும் அவர் மின்சாரப் பைத்தியம். விளக்கும் விசிறியும் வருவதற்கு வெகுகாலம் முன்பு, கண்ணாடியைப் பட்டில் தேய்த்துப் பொறி பார்த்து மனிதர்கள் வியந்த நாட்களைப் பற்றியே பேசுவார். அந்தக் காலத்துக் கருவி ஒன்றைத் தாமே செய்து வைத்திருந்தார். கைப்பிடியைச் சுற்றினால் ஒரு பெரிய கண்ணாடிப் புட்டி தோல் திண்டில் உரசிச் சுழலும். பக்கத்திலுள்ள பித்தளைக் குண்டிலிருந்து பொறி தெறிக்கும். நம் ஊர்க் கடற்காற்றின் ஈரத்தில் பெரும்பாலும் தெறிக்காது. தி. நகரில் ஒரு மன்றத்தில் கை வலிக்கச் சுற்றியும் ஒன்றும் வராமல், கூட்டத்தோடு சேர்ந்து அவரும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு, அவர் மனைவி கோமதி மாமிக்குப் பக்கவாதம் வந்ததும் நின்றுபோனது. வலது கை விழுந்துவிட்டது. தொட்டால்கூடத் தெரியாது.

மாமி ஒருநாள் கேட்டாராம்: "அந்தக் காலத்துல பொறி குடுத்து விழுந்த கையை ஆட வெச்சான்னு ஊரெல்லாம் சொல்றேளே, எனக்கு ஒரு தடவை பண்ணப்படாதா?"

மறுநாள் என்னிடம் வந்து புலம்பினார். "காதர், பண்ணினவாளே எழுதி வெச்சிருக்கா. முதல்ல விரல் அசையும். நோயாளி சந்தோஷமா வீட்டுக்குப் போவான். அப்புறம் பழையபடிதான். தெரிஞ்சுண்டே எப்படிப் பண்ணுவேன்?"

"மாமிகிட்ட இதச் சொன்னீங்களா, சார்?"

"சொன்னேன். பரவாயில்லை, பண்ணுங்கோங்கறா."

கடற்காற்று எட்டிப் பார்க்காத ஒரு கத்திரி வெயில் பிற்பகலில் அவர் வீட்டுக்குப் போனேன். நான் கைப்பிடியைச் சுற்றினேன். அவர் நாற்காலியில் இருந்த மாமியின் கையைத் தாங்கிக் குண்டருகே கொண்டுபோனார். சடக்கென்று பொறி பாய்ந்தது. ஆள்காட்டி விரல் துள்ளியது.

"ஆடித்து! பாத்தேளா, ஆடித்து!" மாமி அழுதுகொண்டே சிரித்தார்.

சுந்தரேசன் மாமியின் காலடியில் உட்கார்ந்தார். "கோமு, பொறி ஆட்டினது அது. நீ ஆட்டலை."

"எனக்குத் தெரியாதா? ஒரு தடவை பாத்துட்டேன். போறும்."

சுந்தரேசன் எழுந்து போய்க் குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவினார். அதன்பின் அந்தக் கருவியை அவர் தொடவே இல்லை. மாமிக்குத் தலை வாரிவிடவும் சாதம் ஊட்டவும் கற்றுக்கொண்டார்.

திங்கட்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது மாமி அதே நாற்காலியில் இருந்தார். உறவினர் யாரும் இன்னும் வந்து சேரவில்லை.

"காத்தால காப்பி குடிச்சுட்டுப் பக்கத்துல வந்து உக்காந்தார், காதர். நான் ஜன்னலைப் பாத்துண்டிருந்தேன். திரும்பினா, தலை சாஞ்சிருக்கு. இந்தக் கையைப் பிடிச்சுண்டிருக்கார். எத்தனை நாழியாப் பிடிச்சுண்டிருந்தாரோ. எனக்குத் தெரியவே இல்லையே."

அமைதியாகத்தான் போயிருப்பார், வலி தெரிந்திருக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். சாவு வீட்டில் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் அது எனக்குத் தெரியாதே. தெரியாததைத் தெரிந்ததுபோல் அந்த அம்மாளிடம் சொல்ல நா எழவில்லை. சுந்தரேசனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பழக்கம்தான். மாமி அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.