ஸ்கைலாப் சென்னகேசவன்

அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவில் இருந்த சென்னகேசவனைப் போல வேலைக்கு ஒளிந்த மனிதனை நான் பார்த்ததில்லை. நெசவாளர் குடும்பம். ஆனால் தறிக்குழியில் கால் வைத்தால் மூட்டு வலிக்கிறது என்பான். அந்த மூட்டை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நடப்பான். தறியில் உட்கார்ந்தவள் அவன் மனைவி கோகிலாம்பாள். அவள் நெய்த சேலைகள் சோறு போட்டன. அவள் துவைத்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவன் டீக்கடையில் பேசினான்.

அறுபத்தொன்பதில் மனிதன் நிலாவில் இறங்கியபோது, "எல்லாம் ஸ்டுடியோவுல எடுத்த படம்ப்பா" என்று சத்தியம் செய்தவன் இவன்தான். ஐந்து வருஷம் கழித்து மதுரைப் பொருட்காட்சிக்குப் போனான். அங்கே ஒரு கொட்டகையில் ஸ்கைலாப் பற்றிய படம் ஓட்டினார்கள். அமெரிக்கா வானத்தில் சுற்றவிட்ட வீடு அது. மூன்று மூன்று பேராகப் போய் அதில் குடியிருந்து ஆராய்ச்சி செய்துவிட்டு வந்தார்கள். படம் இங்கிலீஷில். இவனுக்கு இங்கிலீஷ் 'எஸ்', 'நோ' வரைக்கும்தான். பார்த்துவிட்டு வந்தவன், அந்த வீட்டில் வாடகைக்கு இருந்தவனைப் போலப் பேச ஆரம்பித்தான். நிலாவைப் பொய் என்றவன்தானே நீ என்று யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் வெட்கப்படுகிற பிறவி இல்லை.

முதலில் டீக்கடை, பிறகு பள்ளிக்கூட ஆண்டுவிழா, பிறகு நரிக்குடி, வீரசோழன் என்று பஸ் ஏறிப் போய்ப் பேசினான். போன இடமெல்லாம் துண்டு, மாலை, வடை பாயசத்தோடு சாப்பாடு. "என்னையும் மேல வரச் சொல்லிக் கூப்பிட்டாக. அங்க ரசம் கிடையாதுன்னாக, வரலைன்னுட்டேன்" என்று ஒருமுறை மேடையிலேயே சொன்னான். கைதட்டினார்கள். தட்டிய கைகளைத்தான் குறை சொல்ல வேண்டும்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். மேலே இருப்பவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று செய்து காட்டுவதில் அவன் கெட்டிக்காரன். சுவரில் மாட்டிய பைக்குள் நின்றபடி தூங்குவான். கோலிக்குண்டாக மிதக்கும் தண்ணீரை வாயால் எட்டிப் பிடிப்பான். சுவரை விரலால் லேசாகத் தள்ளிவிட்டு அடுத்த கோடிக்கு மிதந்து போவான். பார்க்கிறவர்களுக்கு அவன் பாதம் தரையில் படவில்லை என்றே தோன்றும். எல்லாவற்றிலும் அதிகமாக எடுபட்டது சிலந்திக் கதை. மேலே கொண்டுபோன சிலந்தி, கனமே இல்லாத இடத்தில் தடுமாறி நூலைக் கண்டபடி இழுத்தது. சில நாளில் பழகிக்கொண்டு ஒழுங்காக வலை பின்னியது. நெசவாளர் தெருவில் இதைச் சொன்னால் யார்தான் நிற்க மாட்டார்கள்?

ஒருநாள் வாசலில் அதைச் சொல்லிக்கொண்டிருந்தான். வீட்டில் கன்னடம் பேசும் கோகிலாம்பாள், எல்லோருக்கும் புரியட்டும் என்று உள்ளேயிருந்து தமிழில் கேட்டாள்:

"சிலந்தி சட்டுன்னு வேலை கத்துக்கிருச்சு. ஒங்களுக்கு இன்னும் எத்தனை வருஷம் ஆகும்?"

கூட்டம் சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான். அவனிடம் எனக்கு ஆகாதது அதுதான். எதுவும் உள்ளே இறங்காது.

எழுபத்தொன்பது ஜூலையில் வினை வந்தது. ஆளில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த ஸ்கைலாப் விழப்போகிறது, எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது என்று பத்திரிகைகள் எழுதின. திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்து மொக்கையன் பஸ்ஸைப் பிடித்து வந்தான். ஆடு வளர்க்கிற சம்சாரி. திருவிழாவில் சென்னகேசவன் பேச்சைக் கேட்டு மயங்கியவன்.

"செட்டியாரே, அது எங்கிட்டு விழும்?"

அமெரிக்காக்காரனே தெரியாது என்கிறான். 'எனக்கும் தெரியாதப்பா' என்று சொன்னால் இவன் நாக்கு என்ன அறுந்தா விழும்? கண்ணை மூடினான். விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டான்.

"நரிக்குடிக்கும் திருச்சுழிக்கும் நடுவுல" என்றான்.

"அது எங்க ஊராச்சே!"

"நான் என்ன செய்யட்டும்? கணக்கு அப்பிடித்தான் சொல்லுது."

மொக்கையன் ஊரில் போய்ச் சொன்னான். சாகத்தான் போகிறோம், சாப்பிட்டாவது சாவோம் என்று கிடையிலிருந்த ஆடுகளை அறுத்துப் பங்காளிகளுக்கெல்லாம் விருந்து வைத்தான். சினை ஆட்டைக்கூட விடவில்லை. சிலர் சட்டி பானையோடு மதுரைக்கு பஸ் ஏறினார்கள். கணக்குப் போட்ட மேதையோ தன் பொய்யைத் தானே நம்பிவிட்டான். விழும் என்று சொன்ன அன்று பகலிலேயே தறிக்குழிக்குள் இறங்கிக் குந்திக்கொண்டான். கோகிலாம்பாள் நெய்துகொண்டிருந்தாள்.

"நகருங்க, மிதிக்கட்டைய மிதிக்கணும்" என்றாள்.

நகரவில்லை. காலாலேயே அவன் தோளை ஒதுக்கிவிட்டு அவள் நெய்தாள்.

மறுநாள் காலை ரேடியோவில் சொன்னார்கள்: கடலிலும் ஆஸ்திரேலியாவிலுமாக விழுந்துவிட்டது, யாருக்கும் காயமில்லை. மொக்கையன் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினான். அடிக்கத்தான் வந்திருக்கிறான் என்று தெரு கூடியது. நானும் ஆசையோடுதான் போனேன். சென்னகேசவன் அதற்குள் சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றான்.

"பாத்தியா மொக்கையா, கொஞ்சம் தள்ளி விழுந்துருச்சு. ஒங்க நல்ல நேரம்."

மொக்கையன் கையை ஓங்கவில்லை. "ஏன் செட்டியாரே, ஒமக்கு நெசமாவே ஒண்ணும் தெரியாதா?" என்றான்.

சென்னகேசவன் சட்டைப் பொத்தானைத் திருகினான்.

"அந்தச் சிலந்தி? அதாவது நெசமா? எம் மக தெனமும் அதையத்தான் சொல்லச் சொல்லிக் கேக்கும்."

"அது நெசம் மொக்கையா. சௌடேஸ்வரித் தாயி மேல சத்தியம். படத்துல எங் கண்ணால பாத்தேன்."

அவன் குரல் நடுங்கி நான் கேட்டது அன்றுதான்.

"இனி அதைய மட்டும் எப்பிடி நம்புறது?" என்றான் மொக்கையன். தரையில் துப்பிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தான்.

அதற்குப் பிறகு சென்னகேசவனை யாரும் பேசக் கூப்பிடவில்லை. டீக்கடையிலும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. அந்த இரக்கத்தையும் அவன் நிலைக்க விடவில்லை. தீபாவளிக்கு முன்னால் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போய்விட்டான். ஆள் எங்கே என்று யாராவது விசாரித்தால், கோகிலாம்பாள் தறியை நிறுத்தாமல், "இருந்தப்ப மட்டும்?" என்பாள்.

கார்த்திகையில் காரியாபட்டிச் சந்தையில் பார்த்தேன். வேர் மருந்து விற்கிறவன் பக்கத்தில் நின்றுகொண்டு, மனிதக் குடல் எவ்வளவு நீளம் என்று கைகளை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தான். வாயைப் பிளந்துகொண்டு நல்ல கூட்டம்.