ஆறாம் நாள் வராத ஜீப்

ஜூன் மாதம் தேனியிலிருந்து குமுளிக்குப் போகலாமா என்று போன பதிவின் கீழே இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். தாராளமாகப் போகலாம். சாரல் இருக்கும், கூட்டம் இருக்காது. நான்தான் ஜூனில் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. எழுபதுகளின் பின்பாதியில் அக்காவோடு போன ஒரு ஜூன் பயணம்தான் காரணம். கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிடுகிறேன்.

அக்கா குமுளிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்துப் பள்ளியில் தமிழ் வகுப்பு டீச்சர். பள்ளி கேரளத்துடையது, அவளிடம் படித்ததெல்லாம் மலைக்குக் கீழே, தமிழ்நாட்டுக் கூடலூர்ப் பக்கத்துத் தொழிலாளர்களின் பிள்ளைகள். அங்கே பள்ளி திறந்த ஆறாம் நாள் தலை எண்ணுவார்கள். அன்று பெஞ்சில் இருப்பதுதான் வருஷக் கணக்கு. குறைந்தால் வகுப்பு போச்சு, டீச்சர் வேலையும் போச்சு. வம்பு என்னவென்றால், ஜூன் தொடக்கத்தில்தான் தேக்கடியில் பாசனத்துக்குத் தண்ணீர் திறப்பார்கள். கிணற்றுத் தண்ணீரில் நாற்று முன்பே தயாராக இருக்கும், உடனே கீழே பள்ளத்தாக்கு முழுக்க நடவு. தோட்டத்துச் சனம் பிள்ளைகுட்டியோடு நடவுக்கு இறங்கிவிடும். முடித்துவிட்டு ஏலக்காய் பறிக்கத்தான் திரும்ப மேலே ஏறும். அதுவரை தமிழ் வகுப்பு காலி.

முன்பெல்லாம் எண்ண வருகிற அதிகாரி இதைத் தெரிந்து விட்டுக்கொடுத்துவிடுவார். அந்த வருஷம் முடியாது என்றார்கள். கல்வியைச் சீர்திருத்த அரசு போட்ட குழு, ஆறாம் நாள் கணக்கில் ஒரு தலைகூடத் தளர்த்தக் கூடாது என்று சொல்லிவிட்டதாம். அந்தக் குழுவில் முக்கியமான ஆள் மாஷ்.

மாஷ் மலையாளத்தில் பெரிய இலக்கிய விமர்சகர். மாஷ் என்றால் வாத்தியார், ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும். அவர் எழுத்துக்காகவே நான் மலையாளம் எழுத்துக்கூட்டிக் கற்றேன். இரண்டு கட்டுரைகளைத் தமிழாக்கி அவருக்கே அனுப்பியும் இருந்தேன். அந்தப் பங்குனியில் அவர் தேர்தலில் நின்றார். தோட்டத்துத் தொழிலாளர்களுக்கு ஓட்டு மேலே கேரளத்தில், ஆனால் தோட்டத்தில் வேலையில்லாத மாதம் என்பதால் அவருடைய வாக்காளர்கள் பாதிப்பேர் கூடலூரில் இருந்தார்கள். மலையிறங்கி வந்து பஜாரில் மேடை போட்டு, நல்ல தமிழில், "தமிழில் அழுத குழந்தை தமிழில்தான் படிக்கணும்" என்றார். நானும்தான் கை வலிக்கத் தட்டினேன். ஜெயித்தார்.

பள்ளி திறந்த முதல் வாரம் வகுப்பில் ஐந்தே பிள்ளைகள். சனிக்கிழமை தேனிக்குப் பக்கத்தில் பழனிசெட்டிபட்டி வீட்டுக்கு வந்த அக்கா, கூடலூர் போய் ஒரு நாளைக்காவது பிள்ளைகளைக் கேட்டுப் பார்ப்போம் என்றாள். திங்கட்கிழமை ஆறாம் நாள். ஞாயிறு காலை ஆறு மணி பஸ்ஸில் கிளம்பினோம். தேனியிலிருந்து குமுளி அறுபது கிலோமீட்டர் சொச்சம். அன்றைக்கு மூன்று ரூபாய்க்குள் டிக்கெட், இரண்டரை மணி நேரம். உத்தமபாளையம் தாண்டினால் இரண்டு பக்கமும் வயலில் தண்ணீர் மினுங்கும், ஜன்னல் சீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். அக்கா பிடித்த ஜன்னலில் வேறு காட்சி தெரிந்தது. "அங்கன பாருடா, என் நாலாம் கிளாஸ் நாத்து சுமந்துக்கிட்டுப் போகுது" என்றாள்.

கூடலூரில் இறங்கி வீடுவீடாகப் போனோம். யாரும் முகம் சுளிக்கவில்லை. "ஒரு நா தான டீச்சர், தாராளமா அனுப்புறோம். எதுல ஏத்தி விட?" என்றார்கள். அதுதான் கேள்வி. நாலு ஜீப்பாவது வேண்டும். நடவுக்கூலியில் ஓடுகிற குடும்பங்களிடம் ஜீப் வாடகைக்கு எங்கே போவது?

ஜீப் ஓட்டும் முருகேசனின் மகள் செல்வியும் அக்காவின் வகுப்புதான். "ஓட்டன்னிக்கு விடியறதுக்கு முன்னாடியே தெருவுக்கு ரெண்டு ஜீப்பு நின்னுச்சு டீச்சர். கெழடு கட்டையக்கூட கையத் தாங்கி ஏத்துனாக. டீசலும் அவுகளே போட்டாக. போயி மாஷக் கேளுங்க, இல்லேன்னா சொல்லப் போறாக?" என்றார் முருகேசன். ஓனர் வண்டி என்றாலும் எங்களைக் குமுளி வரை சும்மாவே ஏற்றிப்போனார்.

மாஷ் குமுளியில் ஒரு பங்களாவில் தங்கியிருந்தார். உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். அக்கா சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக் கேட்டார். மேடையில் பேசிய தமிழில் இப்போது மலையாளம் கலந்திருந்தது.

"டீச்சரே, உங்க கஷ்டம் எனக்கு மனசிலாகுது. ஆனா ஒரு கிளாஸுக்காக நியமத்த வளைச்சா அப்பறம் சீர்திருத்தம் எதுக்கு?"

"வளைக்க வேணாம் சார். நடவு முடிஞ்சு எண்ணச் சொல்லுங்க. இல்லாட்டி ஓட்டுக்கு வந்த ஜீப்புல நாளைக்கு நாலு அனுப்புங்க."

"அது கட்சி வண்டி. ஸ்கூல் காரியத்துக்கு எடுத்தா முறையில்ல."

"ஆத்தா அப்பன் தலை வேணும்னா ஜீப்பு வரும், பிள்ளைக தலைய எண்ணணும்னா வராதா சார்?"

அவர் என் பக்கம் திரும்பி, அடுத்த கட்டுரையை எப்போது மொழிபெயர்க்கப் போகிறாய் என்று விசாரித்தார். டீ ஆறிப்போய் இருந்தது. அக்கா எழுந்துவிட்டாள்.

மறுநாள் முருகேசன் ஓனரிடம் பொய் சொல்லி, தன் ஒரே வண்டியில் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு வந்தார். அக்கா வாசலுக்கு ஓடினாள். பிள்ளைகள் காலில் சேறு காயாமலே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இன்னொரு நடை போய்வர நேரமில்லை. அதிகாரி எண்ணினார், போதவில்லை என்றார். பாவம் அவர், எங்களை நிமிர்ந்து பார்க்காமலே போனார். தமிழ் வகுப்பு அன்றோடு முடிந்தது. மலையாள வகுப்பில் கொஞ்ச நாள் புரியாமல் விழித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக நின்றுவிட்டார்கள். அந்தத் தையில் கூடலூர் போனபோது செல்வியைப் பார்த்தேன். ஏலக்காய் பறிக்கப் போகிற ஜீப்பின் பின்னால், பெரிய பெண்களுக்கு நடுவே தொங்கிக்கொண்டு நின்றாள்.

அடுத்த வருஷம் மாஷ் ஒரு கட்டுரை எழுதினார். மலைமேல் ஆளில்லாத ஒரு தமிழ் வகுப்பறை, மழை, காலிப் பெஞ்சுகள். படித்தவர்கள் கண் கலங்கினார்களாம். மொழிபெயர்க்கச் சொல்லி எனக்கே அனுப்பியிருந்தார். நன்றாக எழுதியிருந்தார் பாவி மனுஷன், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அடுப்பில் போட்டேன். அக்கா அப்போது தேனியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள்.

சரி, போகிறவர்களுக்கு. குடையும் ஸ்வெட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள். லோயர் கேம்ப் தாண்டினால் மலைப்பாதை. வாந்தி வருகிறவர்கள் முன் சீட்டில் உட்காருங்கள். தோட்டங்களைப் பார்க்கக் கூடலூரிலேயே ஜீப் பேசிக்கொள்வது நல்லது. வாடகையை ஏறுமுன் கறாராகப் பேசிவிடுங்கள். வாடகையே இல்லாமல், விடியுமுன் வாசலுக்கே வந்து கையைத் தாங்கி ஏற்றிக்கொள்கிற ஜீப்பும் அங்கே உண்டு. அதற்குத் தேர்தலன்று போக வேண்டும், அந்தப் பக்கம் உங்களுக்கு ஓட்டும் இருக்க வேண்டும்.