ரோல்ஸ் பெட்டியின் சூடும் மகளின் ஓணானும்

2014ஆம் ஆண்டு மாசி மாதம். நான் பாரிஸின் லா சப்பலில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். வீடு புறநகரான பொண்டியில். பன்னிரண்டு வயது மகள் இரண்டு வருடம் நச்சரித்து வாங்கிய பிராணி ஒன்று அப்போது எங்களோடு குடியிருந்தது. பிரெஞ்சுக்காரர் அதைப் பொகோனா என்பார்கள். கழுத்தடியில் தாடி வைத்த, முழங்கை நீள ஓணான் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் மனைவிக்குச் சுவரில் ஓடும் பல்லியே ஆகாது. இது வந்த நாளிலிருந்து மகளின் அறைக்குள் அவள் கால் வைத்ததில்லை. துவைத்த உடுப்பைக்கூட வாசலில் நின்றே கட்டிலுக்கு எறிவாள்.

அந்த மாதம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஒரு வாரம் பனிமலைக்குக் கூட்டிப்போனார்கள். புறப்படுமுன் மகள் என்னை இருத்தி வைத்துப் பாடம் எடுத்தாள். கண்ணாடிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் சூட்டு பல்ப். மேலே நீளமாக ஒரு டியூப். வெயில் இல்லாத குறைக்கு அதுதான் எலும்பைக் காப்பாற்றும். மற்றப் பக்கம் குளிர்ச்சியாகவே இருக்க வேண்டும். பல்பையும் டியூபையும் காலையில் போட்டு மாலையில் நிறுத்த வேண்டும். "ஒண்டையும் மாத்தாதேங்கோ அப்பா" என்று தமிழில் சொல்லி முடித்தாள். எதற்கும் பிரெஞ்சில் பதில் சொல்லும் பிள்ளை தமிழுக்கு வந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம். நானும் ஓம், ஓம் என்று தலையாட்டினேன்.

ஆனால் சூட்டைப் பற்றி எனக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டுமா? எட்டு வருடமாக ரோல்ஸும் வடையும் அடுக்கும் கண்ணாடிப் பெட்டிக்குப் பொறுப்பாக இருந்தவன் நான். சூடான சாப்பாடு அறுபத்து மூன்று பாகைக்குக் கீழே இறங்கக்கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டம். ஒரு மூலை ஆறிக் கிடந்தாலும் முதலாளி என்னைத்தான் கேட்பார். அதே கண்ணோடு மகளின் பெட்டியைப் பார்த்தேன். பாதிப் பெட்டி சில்லென்று கிடந்தது. வெளியே உறைபனி. வாயில்லாச் சீவன் என்று மனம் இளகிவிட்டது.

கடையில் சும்மா கிடந்த சூட்டு விளக்கு ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்து குளிர்ப் பக்கத்திலும் பூட்டினேன். சூடு மேலால் போய்விடாமல் வலைமூடியின் மேல் தடித்த குளியல் துவாய் ஒன்றையும் மடித்துப் போட்டேன். மறுநாள் காலை எல்லா விளக்கையும் போட்டுவிட்டு, தேநீர் குடித்து, உடுத்து வெளிக்கிட்டு வந்து பார்த்தால், பொகோனா வாயை அகலத் திறந்து வைத்திருந்தது. சந்தோஷத்தில் சிரிக்கிறதாக்கும் என்று ஒரு படம் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

கடையில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அந்தப் படத்தைக் காட்டினேன். பதினொரு மணிபோல வடை வாங்க வந்த தமிழ்நாட்டு மாணவி ஒருத்திக்கும் காட்டினேன். அந்தப் பிள்ளை சனி, ஞாயிறுகளில் செல்லப்பிராணிக் கடையொன்றில் வேலை செய்வது எனக்குத் தெரியாது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவளின் முகம் மாறியது.

"அண்ணா, இது சிரிக்கல. சூடு தாங்காம வாயைத் திறந்திருக்கு. அதுக்கு வேர்க்காதுண்ணா. சூடு அதிகமானா குளிர்ந்த பக்கம் நகரும், அவ்வளவுதான் அதால முடியும். ரெண்டு பக்கமும் லைட் போட்டா அது எங்க போகும்?" என்றாள். பிறகு படத்தில் தெரிந்த துவாயைக் காட்டி, "இது தீப்பிடிச்சா வீடே போயிடும்" என்றாள்.

மனைவி அதிகாலைத் துப்புரவு வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருக்கும் நேரம். உடனே போன் எடுத்தேன்.

"பிள்ளையின்ர அறைக்குப் போய் லைற் எல்லாத்தையும் நிப்பாட்டும். அதை வெளியில எடும்."

"ஆர், நானோ? அதைத் தொடவோ?"

"செத்துப்போச்செண்டால் பிள்ளைக்கு என்னத்தைச் சொல்லுறது?"

மாணவி போனை என் கையிலிருந்து வாங்கி, "அக்கா, அதை வெதுவெதுப்பான தண்ணியில விடுங்க, வயிறு நனையிற அளவு போதும். ஐஸ் தண்ணி மட்டும் வேண்டாம்" என்றாள். அதோடு போன் நின்றுவிட்டது.

முதலாளியிடம் சொல்லிவிட்டு ஏப்ரனோடு ரயிலுக்கு ஓடினேன். பொண்டிக்குப் பத்துப் பதினைந்து நிமிடம்தான். அன்று அது முடிகிற பாடாக இல்லை. மனைவியும் போனை எடுக்கவில்லை. என்னை நம்பி விட்டுப்போன பிள்ளையின் முகத்தை நினைத்து வெட்கத்தில் குறுகிப்போனேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் தீய்ந்த மணம். துவாய் நிலத்தில் கிடந்தது, நடுவில் தோசையளவு மண்ணிற வட்டத்தோடு. பெட்டி வெறுமையாக இருந்தது. குளியலறையில், நீலப் பேசினுக்கு முன்னால் மனைவி சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தாள். தண்ணீருக்குள் பொகோனா. அதன் நகங்கள் அவளுடைய விரலை இறுக்கிப் பிடித்திருந்தன.

"உயிர் இருக்கோ?" என்றேன்.

"இருக்கு. என்னை முறைச்சுப் பாக்குது. கையை விடுதில்லை, நான் என்ன செய்ய?" என்றாள். பயம் இன்னும் போகவில்லை. ஆனால் அவளும் கையை எடுக்கவில்லை.

பின்னேரம் மிருக வைத்தியர் பார்த்து, தப்பிவிட்டது என்றார். அந்த ஞாயிறு தன் வேலை முடிந்ததும் மாணவி வீட்டுக்கே வந்தாள். கடை விளக்கைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கத்துக்கும் வெப்பமானி, சூடு கூடினால் தானாக நிற்கும் கருவி, பல்பைச் சுற்றிக் கம்பிக்கூடு என்று எல்லாம் பூட்டித்தந்தாள். மூடியின் மேல் கைக்குட்டைகூடப் போடக்கூடாது என்று எனக்குக் கட்டளை. மனைவி அவளுக்கு வயிறு முட்டச் சாப்பாடு போட்டாள்.

மகள் திரும்பி வந்ததும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் பெட்டிக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு இருத்தி, முதலிலிருந்து பாடத்தைத் தொடங்கினாள். இம்முறை கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

இன்றைக்கும் யாரையாவது நன்றாகக் கவனித்துக்கொள்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை வரும்போது, அவர்கள் கொஞ்சம் விலகிப் போய் இருக்க இடம் விட்டிருக்கிறேனா என்று ஒருதரம் பார்த்துக்கொள்கிறேன்.