தளர்வாய்ப் பிறந்த நார்கள்

சமையலறையில் முட்டை அடிக்கும் சத்தம் சட்டென்று நின்றது. பக்கத்து அறையில் கணினிமுன் இருந்த ரோஸ்விதாவுக்கு உயிரே போய்விட்டது. என்ன ஆச்சு என்று கத்தினாள்.

"சர்க்கரை எங்கேன்னு தேடறேன். எதுக்கு இப்படிப் பதறற?" என்றார் கணவர் கெர்னோட்.

எப்படிச் சொல்வாள்? ரத்தக்குழாய்ச் சுவரில் பழைய நார்கள் கழியும், செல்கள் புதியவற்றைப் பின்னும். அந்தத் தேய்வையும் வளர்ச்சியையும் சமன்பாடுகளாக எழுதிக் கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதான் கிராட்ஸ் நகரில் அவள் பிழைப்பு. கெர்னோட்டின் வயிற்றுப் பெருந்தமனியில் சிறு வீக்கம் தெரிந்தபோது, பயம் வேண்டாம், ஆண்டுதோறும் படம் எடுத்துப் பார்ப்போம் என்றார் மருத்துவர். பாவி மனம் கேட்கவில்லை. அந்த ஸ்கேன் படத்தைத் திருட்டுத்தனமாகத் தன் கணினி மாதிரிக்குள் ஏற்றினாள். ஒவ்வொரு முறையும் திரையில் சுவர் உப்பி உப்பி வெடித்தது. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

அலுவலகத்தில் காப்பிக்குக்கூட வராதவளைத் தேடி, கூட வேலை செய்யும் தோழி ஹெட்விக் வீட்டுக்கே வந்தாள். காலணியைக் கழற்றி, விருந்தினருக்கென்று வைத்திருந்த வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தவளிடம் ரோஸ்விதா திரையைத் திருப்பிக் காட்டினாள். கண்ணால் சமையலறையையும் காட்டினாள். அது கெர்னோட்டின் தமனி என்று ஹெட்விக்குக்குப் புரிந்துவிட்டது. உட்கார்ந்து மாதிரியின் கணினி நிரலை வரிவரியாகப் படித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"அடியே, புது நாரெல்லாம் தொளதொளன்னு பொறக்குதுடி."

உயிருள்ள செல் நாரை இழுத்துப் பிடித்தே பின்னும். அதனால்தான் அது பாரம் தாங்கும். நிரலைச் சோதிப்பதற்காக அந்த இழுப்பை எடுத்துவிட்டவர்கள் இவர்கள் இருவரும்தான். திரும்பப் போட மறந்திருந்தார்கள்!

போட்டார்கள். சுவர் கொஞ்சம் உப்பியது. பிறகு நின்றது. திரையில் ஆண்டுகள் ஓடின; அது அசையவில்லை. ரோஸ்விதா தோழியின் தோளில் முகம் புதைத்துக் குலுங்கினாள்.

"இதுவும் வெறும் கணக்குதான். டாக்டர் சொன்ன தேதிக்கு அவரைக் கூட்டிட்டுப் போ. புருஷனை மாதிரிக்குள்ள ஏத்தற வேலை இனி வேணாம்," என்றாள் ஹெட்விக்.

அதைக் கேட்டபடி கெர்னோட் வாணலியோடு அறை வாசலில் நின்றார். "அப்போ நான் எத்தனை தடவைதான் செத்தேன்?"

"இனி அதைப் பேசாதீங்க," என்றாள் ரோஸ்விதா, அழுகையும் சிரிப்புமாக.

சாப்பிட்டுப் போகச் சொல்லியும் ஹெட்விக் கேட்கவில்லை. டிராம் போய்விடும் என்று காலணியை மாட்டினாள். திங்கட்கிழமை காப்பி உன் கணக்கில் என்று சொல்லிப் படியிறங்கினாள். ரோஸ்விதாவுக்கு வெகுநாளைக்குப் பிறகு பசித்தது. கதவைச் சாத்தினாள்.